ஏழாம் சுருள்

படத்தில் யாரும் யாரையும் அடிப்பதில்லை.
கௌலூனில், கசாப்புக் கடைக்கு மேல்மாடியில்,
ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து
நான்தான் எல்லாரையும் அடிக்கிறேன்.

மோக் பூய்சிம். டைட்டிலில் தேடாதீர்கள்.
கீழ்க்கடையிலிருந்து ஒரு பன்றித் தொடை,
கிழிந்த தோல் பை, ஈரத்துண்டு, இரண்டு மூங்கில்,
எலும்பு முறிய ஒரு கட்டு செலரித் தண்டு.
ஊமையாய் ஓடும் சுருளைப் பார்த்தபடி
பளார் என்றால் பளார்,
மடேர் என்றால் மடேர்.
சாயங்காலம் தொடையை வீட்டுக்குக் கொண்டுபோவேன்.
அடி வாங்கிய கறி மெத்தென்று வேகும்.

நாயகன் நூடுல்ஸ் கடை எடுபிடி.
அவன் சண்டைக்குப் பெயர் தூக்க நடைப் பாணி:
கொட்டாவி விட்டுக் குனிவான்,
குத்து தலைக்கு மேலே போகும்.
புரண்டு படுப்பான்,
உதைத்தவன் தூணைக் கட்டிக்கொண்டு அழுவான்.
அவனுக்கு மாவு பிசையும் சத்தம் போதும்.
சொத். சொத்.

வில்லன் வெள்ளைப் புருவ வட்டிக்காரன்.
ஆயுதம் இரும்பு மணிச்சட்டம்.
அடிக்குமுன் அசலையும் வட்டியையும் கூட்டுவான்:
விலாவுக்கு எட்டு, மூக்குக்குப் பன்னிரண்டு,
சில்லறை இல்லையென்றால் காது.
அதற்குத் தகர டப்பாவில் என் மகனின் கோலிகள்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

சலவைக்கார விதவை ஒருத்தி உண்டு.
நனைந்த போர்வையை முறுக்கி ஒரு வீசு,
நாலு அடியாட்கள் கொடியில் காய்வார்கள்.
இயக்குநர் கேட்டதைவிட
அவளுக்கு ஒரு பங்கு கூடவே வைத்தேன்.

கதை என்னவென்று கேட்டால், கடன்.
ஊரே யாருக்கோ பாக்கி.
பசித்தவன் சீக்கிரம் குனிகிறான்,
அதைக் கலை என்கிறார்கள்.

ஏழாம் சுருளில்
தேநீர்க் கடை மாடியிலிருந்து விழுகிறவன் யிக் சுன்போ.
பெயரில்லாத அடியாள், அன்றைக்கு மட்டும் மூன்றாம் தடவை சாகிறான்.
அட்டைப் பெட்டிகளை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள்.
தண்ணீர்ச் சால் விளிம்பில் விழுகிறான்.
கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்புகிறது.
கேமரா ஓடுகிறதல்லவா,
எழுகிறான்,
எழுதிக்கொடுத்தபடி வட்டிக்காரனுக்குக் கும்பிடு போடுகிறான்,
மறுபடி விழுகிறான்.

‘பிரமாதம்! அப்படியே இருக்கட்டும்.
ஒரு வாத்துச் சத்தம் போட்டுவிடு’ என்றார் இயக்குநர்.

பதினோரு தடவை ஓட்டினேன்.
பதினோரு தடவை விழுந்தான்.
கையில் செலரி வாடிக்கொண்டிருந்தது.
நிஜ அடிக்கு இவ்வளவு சத்தம் கிடையாது.
என் கணவர் இருந்த நாட்களில்
பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டதில்லை.

அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

நள்ளிரவு முன்காட்சி.
படம் பிடிக்கவில்லையென்றால்
திரையை நோக்கிச் செருப்பு பறக்கும் கொட்டகை.
அவன் விழுந்தான். நிசப்தம்.
யாரோ இருமினார்கள்.
தர்பூசணி விதை கொறிப்பதுகூட நின்றது.
பிறகு அந்தக் கும்பிடு.
சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு,
பின்வரிசைக்காரன் என் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

‘மௌனம்! என்ன தந்திரம்!’
இயக்குநர் பத்து டாலர் கூடக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

அதில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
கால் மாவுக்கட்டோடு கூரையைப் பார்த்துத் தொங்கியது.
‘எனக்கு என்ன சத்தம் வெச்சே?’
ஒன்றுமில்லை என்றேன்.
‘ஒண்ணுமேவா?’
முகம் வாடிப்போயிற்று மனிதனுக்கு.
‘இத்தனை உயரத்திலேர்ந்து விழுந்திருக்கேன்.
ஒரு வாத்தாவது வெச்சிருக்கலாமே, அக்கா.’

ஆரஞ்சை உரித்துக்கொண்டே நான் பேசாமலிருக்க,
அவனே வாயால் போட்டுக் காட்டினான்,
நீளமாக, தப்பில்லாமல்.
மூன்று கட்டில் தள்ளி நின்ற நர்ஸ்
வாத்தைத் தேடிக் குனிந்தாள்.